எழுத்தில் இல்லாத உத்தரவுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

கொறங்காடு (காங்கயம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கொறங்காட்டுக்குள் (மாடு மேய்க்கும் மேய்ச்சல் நிலம்) நாலு பேர் வந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். கிளுவை வேலியில் இருக்கும் படலைத் திறந்து வந்தவர்கள் போகும்போது மூடவில்லை. வெளியே போன மாட்டைத் தேடி அப்பாரு (தாத்தா) இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) வரைக்கும் போனார். ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஏழு வெள்வேல மரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டிருக்கிறது. உயர்மின் கோபுரம் வருகிறதாம்.

பொழுதோட ஒரு ஜீப் வந்தது. "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க பெரியவரே, அமைதிப் பேச்சுவார்த்தை இருக்குது" என்றார்கள். நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை. அப்பாருக்கு 78 வயது. நான் அன்றைக்கு வேலை விஷயமாகக் கரூரில் இருந்தேன், அவர் தனியாகத்தான் போனார். அங்கே அச்சடித்த தாள் ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். சர்வே நம்பர் எழுதும் இடம் காலி, தொகை எழுதும் இடமும் காலி. "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, இல்லீன்னா நூத்தியேழு போட வேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அமைதியைக் கெடுப்பவர் என்று போடுகிற வழக்கு அது. அவர் கண்ணாடி கொண்டு போகவில்லை. தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாராம். பிறகு போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கட்டுத்தரையில் உட்கார்ந்தவர் மத்தியானம் சோறு திங்கவில்லை. ராத்திரி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "எமர்ஜென்சியில கூட எங்கிட்ட ஒருத்தனும் வெறுந்தாள்ல கையெழுத்து வாங்கலடா."

எந்தக் கம்பெனி, எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை. மின்பாதையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இந்த உத்தரவு யாருடையது என்பதுதான் என் கேள்வி. தேதி, முத்திரை, கையொப்பம் எதுவும் கிடையாது. 1975 ஜூன் 25-ஐ நாம் வருடா வருடம் நினைவுபடுத்திக்கொள்கிறோம், செய்யத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குக்கூட அரசிதழில் ஒரு காகிதம் வந்தது, அதில் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருந்தது. வாய்ச்சொல்லில் மட்டும் நடக்கிற இதை எந்தக் கோர்ட்டில் போய்க் காட்டுவது? உங்கள் ஊரிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பவானிக்கரை

தம்பி, நான் வருவாய்த் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாருவை அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

2012-ஐ மறந்துவிட்டீர்களா? கோயம்புத்தூரில் பவுண்டரிகள் மூடிக் கிடந்தன. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்காரர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் எழுந்து தறி ஓட்டினார்கள். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. காற்றாலை உடுமலையில் சுற்றினால் மட்டும் போதாது, அந்த மின்சாரம் ஊர் போய்ச் சேரக் கம்பி வேண்டும். கம்பி யாராவது ஒருவர் காட்டின் மேல்தான் போகும். உங்கள் தோட்டத்து மோட்டார் ஓடுவதும் இன்னொருத்தர் காட்டில் நிற்கும் கோபுரத்தால்தான். ஆளுக்காள் எழுத்தில் உத்தரவு, விசாரணை, மேல்முறையீடு என்று போனால் எந்தத் திட்டமும் பத்து வருடத்துக்கு நகராது. பேசி முடிப்பது நம் ஊர் வழக்கம்தானே?

கொறங்காடு

பேசி முடிப்பதென்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும் அய்யா. அப்பாரு அங்கே எதுவும் பேசவில்லை.

ஈரோடு வக்கீல்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன், நிறையப் பேருக்குப் பயன்படும்.

மின்பாதைக்கு நிலத்தை எடுப்பதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், மேலே கம்பி போகும். இதற்கு அதிகாரம் கொடுப்பது 1885-ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்கு வெள்ளைக்காரன் எழுதிய அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு மின்கோபுரத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து பழையதை ஒழித்தபோதும், மின்பாதைக்கு மட்டும் அந்தப் பகுதி செல்லும் என்று விதிவிலக்கு வைத்தார்கள். தந்தியே நின்று பத்து வருடம் கழித்து!

அதன்படி உங்கள் சம்மதம் தேவையில்லை. இது கசப்பான விஷயம், மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? நிலத்துக்காரர் மறுத்தால் மாவட்ட நிர்வாக நடுவர், அதாவது கலெக்டர், அனுமதி கொடுக்க வேண்டும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். இந்த இரண்டும் எழுத்தில்தான் நடக்கும். சம்மதமே தேவையில்லாத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகச் சம்மதக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று யோசியுங்கள். கையெழுத்து வாங்கிவிட்டால் "மறுப்பு" என்பதே இல்லாமல் போகிறது. கலெக்டர் விசாரணை வேண்டாம், காரணம் எழுத வேண்டாம், தொகையையும் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலில் கோபுர அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைத் திருத்தி 200, 30 என்று உயர்த்தினார்கள். இது வழிகாட்டுதல்தான். ஆனால் வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டவரால் இதைக்கூட எடுத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. 60 வயது தாண்டியவரையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்குக்கூட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 65 வயது என்று இருந்தது, இப்போது 60.

நாளைக்கே செய்ய வேண்டியது: "நிரப்பப்படாத தாளில் பெறப்பட்ட கையெழுத்து, அதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று எழுதிக் கலெக்டருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்புங்கள்.

தறிச்சத்தம் (திருச்செங்கோடு)

அமைதிப் பேச்சுவார்த்தை என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு 2015 ஜனவரிதான் ஞாபகம் வந்தது.

எழுத்தாளர் பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலை எதிர்த்து இங்கே கடையடைப்பு நடந்தது. எங்கள் தெருவில் மளிகைக்கடை, டீக்கடை எல்லாம் சாத்திக் கிடந்தன. நாவலில் எழுதியது சரியா தப்பா என்று நம் ஊர்க்காரர்களுக்குள்ளேயே இன்றைக்கும் சண்டை உண்டு. என் வீட்டிலும் உண்டு, என் மாமனுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே பிடிக்காது. அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எந்தக் கோர்ட்டும் அந்த நாவலைத் தடை செய்திருக்கவில்லை. அரசாங்கமும் தடை போடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் போட்ட கையெழுத்தில் நிபந்தனையற்ற மன்னிப்பு, புத்தகத்தைத் திரும்பப் பெறுவது எல்லாம் அடங்கிவிட்டது. தடை உத்தரவு போட்டிருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். இங்கே அவரே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. அடுத்த இரண்டொரு நாளில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அவர் மறுபடியும் எழுதட்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு மனுஷன் பதினெட்டு மாதம் எழுதாமல் கிடந்தாரே. கொறங்காட்டுத் தம்பி, உங்கள் அப்பாருவுக்கு நீட்டியதும் அதே தாள்தான்.

பவானிக்கரை

நாமக்கல் விஷயம் வேறு. அங்கே தெருவில் கூட்டம் நின்றது. அதிகாரி அன்றைக்கு ரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்ள நினைத்திருப்பார்.

தறிச்சத்தம்

கூட்டத்துக்கு 144 போட்டிருக்கலாமே அய்யா. எழுதியவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கலாம். மிரட்டுகிறவர்கள் பத்துப் பேர், மிரட்டப்படுகிறவர் ஒருத்தர் என்றால் ஒருத்தரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். அதனால் அவரிடம் வாங்கினார்கள்.

உக்கடத்துப் பொண்ணு

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். கோவை கோட்டைமேட்டைச் சுற்றிக் காவல் சாவடிகள் இருந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ட்யூஷன் முடிந்து அத்தா டி.வி.எஸ்.50-இல் கூட்டிக்கொண்டு வருவார். சாவடியில் இறங்க வேண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தினமும். அதே ஆள், அதே பை, அதே காம்பஸ். தெருவுக்குப் பால் கொண்டுவருகிறவரும் நிற்க வேண்டும், கல்யாணத்துக்கு வருகிற உறவுக்காரர்களும் நிற்க வேண்டும். எங்கள் தெரு முகவரியைச் சொன்னால் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

ஏன் வந்தது என்பது தெரியும். 1997 நவம்பர் கலவரம், அப்புறம் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பு. 58 பேர் செத்தார்கள். அந்த வலியை யாரும் குறைத்துப் பேச வேண்டாம், நானும் பேசவில்லை. ஆனால் சாவடி எத்தனை நாளைக்கு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாதம் போய் வருடம் ஆகி, ஆட்சி மாறிய பிறகுதான் எடுத்தார்கள்.

அதே குண்டுவெடிப்பு வழக்கில் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானியை 1998 மார்ச்சில் பிடித்தார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 1-இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. ஒன்பது வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதி. அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. அந்த ஒன்பது வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆர்.எஸ்.புரம் மணி

சகோதரி, அன்றைக்கு நான் கோவை அரசு மருத்துவமனை வாசலில் நின்றவன். என் நண்பனின் அண்ணனைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராகத் துணியை விலக்கிப் பார்த்தோம். அந்தச் சமயத்தில் சாவடி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கைகலப்புக்கே வந்திருப்பேன். அந்த வழக்கில் 150-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போலீஸ் கையைக் கட்டிப்போட்டுவிட்டு நம்மைக் காப்பாற்று என்று கேட்க முடியாது.

உக்கடத்துப் பொண்ணு

உங்கள் நண்பரின் அண்ணனை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது அண்ணா. குற்றம் செய்தவர்களைத் தண்டித்ததில் எங்கள் தெருவில் யாருக்கும் வருத்தமில்லை. எனக்கு அன்றைக்குப் பதினோரு வயது. குண்டு வைத்தவர்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது தெருப்பெயர் மட்டும்தான். சாவடி முதல் ஆறு மாதம் தேவைப்பட்டிருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நீதிபதி முன்னால் வந்து, இன்னும் ஏன் தேவை என்று எழுதிக் கொடு என்று கேட்டிருந்தால் போதும். அப்படிக் கேட்க ஆளில்லை என்பதுதான் என் குறை.

ஆர்.எஸ்.புரம் மணி

அந்த ஆறு மாதக் கணக்கு நியாயம்தான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஏற்காடு அடிவாரம்

சேலத்துக்காரன். வரலாறு கொஞ்சம் படிப்பேன்.

1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11-இல், சேலம் மத்தியச் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். பேச்சுரிமை, உயிர்வாழும் உரிமை எல்லாம் எழுதி வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் யாரும் கிடையாது. அந்தச் சிறையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன், எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அதே வருடம் மார்ச்சில் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த கிராஸ் ரோட்ஸ் பத்திரிகையை மதராஸ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார், மே மாதம் ஜெயித்தார். அடுத்த வருடமே முதல் திருத்தம் கொண்டுவந்து பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளை விரித்துவிட்டார்கள். ஆக, கோர்ட் ஒரு கதவைத் திறந்தால் அரசு சட்டத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் குடியரசின் இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிவிட்டது.

இப்போதைய கதைக்கு வருவோம். 2017 ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களை ஆதரித்த துண்டறிக்கை அது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குண்டர் சட்டம் 1982-இல் வந்தபோது சாராயம் காய்ச்சுகிறவர்கள், போதைப்பொருள் விற்கிறவர்கள், ரவுடிகள் இவர்களுக்குத்தான் என்றார்கள். பிறகு மணல், திருட்டு வி.சி.டி., இணையக் குற்றம் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. 2014 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மாட்டினாலே சில குற்றங்களுக்குப் போதும். வழக்கு நடத்தி நிரூபிக்காமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை. 277 கிலோமீட்டர். ஆச்சாங்குட்டப்பட்டி பக்கம் கல் நட வந்தபோது வயலில் விழுந்து அழுத பெண்களை டி.வி.யில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கருத்துச் சொன்னவர்கள்கூடக் கைதானார்கள். 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் பாருங்கள், அங்கே அறிவிக்கை என்ற காகிதம் இருந்தது. அதனால்தான் ஜெயித்தாலும் தோற்றாலும் வழக்கு நடந்தது. கொறங்காடு கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

ஈரோடு வக்கீல்

குண்டர் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆளை அடைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். கைதிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுகளை ரத்து செய்வது பெரும்பாலும் இதில்தான்: நகல் மங்கலாக இருந்தது, மொழிபெயர்ப்புக் கொடுக்கவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிடுகிறார்கள். ரத்தாகும் என்று தெரிந்தே போடுகிற உத்தரவும் தண்டனைதான். இந்த உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது. இதை அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவே அனுமதிக்கிறது. சொந்த நாட்டுக் குடிமக்களைச் சமாதானக் காலத்தில் விசாரணையின்றி அடைக்கலாம் என்று அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறோம். சட்டக் கல்லூரியில் முதல் தடவை படித்தபோது நம்ப முடியாமல் திரும்பப் படித்தேன்.

பர்கூர் மலை

நீங்கள் எல்லாம் காகிதம் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் மலையில் வீரப்பன் தேடுதல் நடந்தபோது காகிதம் கேட்க யாருக்கும் தெரியாது. ராவோட ராவாக ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கே என்று கேட்டால் அடுத்த நாள் கேட்டவரும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவைப் போட்டது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் காக்கிச்சட்டையைப் பார்த்தால் சாளைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற ஆத்தாமார் இருக்கிறார்கள்.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊரையே அழித்தன. 18 பெண்களை நாசம் செய்தார்கள். 269 பேர் மேல் வழக்கு, எல்லாரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் ஒருத்தரும் பின்வாங்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் அதைவிடப் பெரிய உரிமைப் போராட்டம் கிடையாது.

பெருந்துறை டு டொரன்டோ

இங்கே கனடாவிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் தலைநகர் ஒட்டாவாவில் லாரிகளை நிறுத்தி வாரக்கணக்கில் மறியல். மக்கள் தூங்க முடியாமல் தவித்தார்கள், மறியல் செய்தவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். பிப்ரவரி 14-இல் அரசு அவசரகால அதிகாரச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. 1988-இல் இயற்றிய பிறகு முதல் தடவை. கோர்ட் உத்தரவு இல்லாமலேயே பங்கேற்றவர்களின் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர், நன்கொடை கொடுத்தவர்களையும் பிடிப்பார்களோ என்று பயந்து ஏ.டி.எம்.மில் போய்ப் பணம் எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்பது நாளில் திரும்பப் பெற்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். பிரகடனம் முடிந்ததும் கட்டாயம் விசாரணை ஆணையம் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிரதமரே சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பதில் சொன்னார், நாங்கள் நேரலையில் பார்த்தோம். ஆணையம் அரசு செய்தது சரி என்றது. 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் சரியில்லை என்றது. இரண்டையும் படித்து நான் என் முடிவுக்கு வந்தேன், கோர்ட் பக்கம்தான். நம் ஊரில் எமர்ஜென்சியை விசாரிக்க ஷா கமிஷன் வந்தது, ஆனால் ஆட்சி மாறியதால் வந்தது. மாறாமல் இருந்திருந்தால்?

பனியன் கம்பெனி (திருப்பூர்)

நான் கொஞ்சம்தான் எழுதுவேன், ஷிப்ட்டில் இருக்கிறேன்.

எங்கள் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்கள் நிறைய. தங்கும் அறைக்கு ஆதார் நகல், கம்பெனிக்கு ஆதார் நகல், சிம் வாங்க, கணக்கெடுக்க வந்தால் மறுபடியும். ஒரு பையன் பெட்டியில் முப்பது நகல் எடுத்து வைத்திருக்கிறான், கேட்கிறவருக்கு எல்லாம் ஒன்று. எதற்கு என்று அவன் கேட்டதே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்களே, அது இந்தப் பையனுக்கும் சேர்த்துத்தானே? 2024 மே மாதம் தமிழ்நாடு போலீசின் முக அடையாள இணையதளத்தின் தகவல் வெளியே கசிந்தது என்று செய்தி வந்தது. வாங்குவதற்கு ஆயிரம் பேர், பத்திரமாக வைப்பதற்கு ஆள் இல்லை.

பெருமாநல்லூர்

பவானிக்கரை அய்யாவுக்கு ஒன்று. பேசி முடிப்பது நம் வழக்கம் என்றீர்கள். 1970-இல் மின்கட்டணம் யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏறியதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தார்கள். ஜூன் 19-இல் எங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு, மூன்று பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் ஒரு பைசா குறைத்தார்கள். ஒரு பைசாவைப் பேசி முடிக்க மூன்று உயிர். எங்கள் அப்பாரு அன்றைக்கு ரோட்டில் நின்றவர். நினைவுத்தூண் முன்னால் போகும்போது சாகும் வரைக்கும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

பவானிக்கரை

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானும் அப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. வாய்க்கால் தகராறு, கோயில் நோம்பித் தகராறு, குழாய் பதிக்கிற விஷயம். மேலேயிருந்து போன் வரும்: "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க." அந்த "மேலே" எனக்கும் எழுத்தில் எதுவும் கொடுத்ததில்லை. கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைப்போம், மறுக்கிறவரைக் கடைசியில். டீ வரும், எல்லாரும் குடிப்பார்கள், அவர் மட்டும் டம்ளரைத் தொடமாட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை நகர்த்துவேன். போட்டுவிடுவார். ஃபைலில் "சுமுகமாக முடிந்தது" என்று குறிப்பு எழுதுவேன். முப்பத்தோரு வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை.

கம்பி வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தாளில் இடத்தை நிரப்பாமல் கையெழுத்து வாங்கியது தப்பு, நான் வாங்கியதும் தப்பு. தம்பி, கலெக்டர் விசாரணை என்று வந்தால் எனக்குச் சொல்லுங்கள், பேருந்து ஏறி வருகிறேன். எந்தப் பதிவேட்டை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கொறங்காடு

அய்யா, படித்ததும் உங்களுக்கு போன் பண்ண வேண்டும் போல இருந்தது. நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பதிவுத் தபால் அனுப்பி இன்றோடு பதினெட்டு நாள். ஒப்புகை அட்டை இரண்டும் வந்துவிட்டன. கம்பெனி ஆட்கள் அதற்கப்புறம் காட்டுக்குள் வரவில்லை. ஜீப்பும் வரவில்லை. நேற்றுத் தபால்காரர் ஒரு உறை கொடுத்தார். 16-ஆவது பிரிவின்கீழ் விசாரணை, வருகிற வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, ஆட்சேபணையை எழுத்தில் தரலாம் என்று நோட்டீஸ். கடித எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, பச்சை மையில் கையெழுத்து இருக்கிறது. கோபுரம் வராமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. வக்கீல் அண்ணனும் அந்த நம்பிக்கை கொடுக்கவில்லை. ஏழு மரத்தில் நாலையாவது காப்பாற்றும்படி பாதையைச் சற்று நகர்த்தக் கேட்கலாம் என்றார், அதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்பாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணை வெளிச்சத்தில் அந்த நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். சர்வே நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுல எம்பேரு, எங்கய்யம்பேரு, காட்டு நம்பரு எல்லாம் சரியா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படலைக் கட்டப் போனார்.